பதினோராவது படகு

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி சில்வண்டும் சுகமாக இருக்கிறோம், அங்கே உனக்கும் உடம்பிலோ மனசிலோ ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காது கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து இன்றோடு மூன்று வாரம், பதில் இவ்வளவு தாமதமானதற்குக் கோபப்படாதே. அதுதான் போனில் பேசினோமே என்பாய். போனில் நீ "நல்லாருக்கேன்மா, சாப்ட்டேன்மா, டியூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறாய், நானும் "சரிடா, ஜாக்கிரதை" என்று வைத்துவிடுகிறேன், சொல்ல நினைத்தது அப்படியே நின்றுபோகிறது. எழுதினால் நீயும் நடுவில் வைத்துவிட முடியாது, நானும் நடுவில் பேச்சை மாற்ற முடியாது. நான்கு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன், இது ஐந்தாவது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போன வாரம் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய மேலே இருக்கிற மோட்டார் அறைக்கு இவர் படியேறித்தான் போக வேண்டியிருந்தது, "ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறேன், எனக்கு மட்டும் படிதான் எழுதியிருக்கு" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். டாக்டர் இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார், இவர் இரண்டு மணி நேரம் எடுத்தார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார், நான் சொன்னால் அது ரேடியோ ஓடுகிற மாதிரி அவருக்கு. சில்வண்டுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, பேச்சு கொஞ்சம் குறையும் என்று பார்த்தால் இப்போது விசிலோடு சேர்ந்து வருகிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா உன் போட்டோவைப் பார்த்துவிட்டு "உங்க தங்கச்சியா, உங்கள மாதிரியே இருக்காங்க" என்றார். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே நீ என்ற பழைய கதையை அவருக்கும் ஒரு தடவை சொன்னேன். ஒருத்திக்கு இருபத்தொன்று, இன்னொருத்திக்கு ஐந்து, இரண்டு தடவை இளம் தாயாகிவிட்டேன், இரண்டாம் தடவையாவது இந்தப் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லையடி, இடம்தான் மாறியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குப் புதுப் புத்தகங்கள் எடுப்பதென்று சபையில் முடிவானது. பழையதெல்லாம் அட்டை போய், நடுப்பக்கம் போய், பாதிக் கதையில் தொடங்கிக் கால் கதையில் முடிகிறது. புத்தகக் கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேர்ந்தெடுக்க மூன்று பேர். பெரிய டீச்சர், உனக்கும் வகுப்பு எடுத்தவர்தான், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வருகைப் பதிவு எடுக்கிற அந்தக் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அடுத்தவர் பஸ் ஓட்டுகிற அண்ணன், நீ ஊரைவிட்டுப் போன பிறகு சபைக்கு வந்தவர், அவர் கதை சொன்னால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்புவதில்லை. மூன்றாவது நான். படித்தவள் என்று என்னைச் சேர்த்தார்கள். தாவரவியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார், கேட்டுவிட்டு "செடி வளக்கத் தெரிஞ்சவ பிள்ளையும் வளப்பான்னு போதகர் நெனச்சிட்டாரு போல, நம்ம வீட்டு ஜன்னல் தொட்டிய அவர் பாக்கல" என்று அவரே பதிலும் சொன்னார்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். புத்தகம் கைக்கு வந்ததும் பெரிய டீச்சர் அட்டையை முன்னும் பின்னும் வளைப்பார், முதுகைத் தட்டுவார், உள்ளே கம்பி குத்தியிருந்தால் "இது பிள்ளை வாய்க்குள்ள போகும்" என்று ஓரம் வைத்துவிடுவார். பஸ் அண்ணன் எந்தப் புத்தகத்தையும் மனசுக்குள் படிக்க மாட்டார், சத்தமாகத்தான், "இதென்ன வாக்கியமா, வேகத்தடையா? ஒரு வரியில மூணு எடத்துல வண்டி குதிக்குது, பெரிய ஆளு எனக்கே இடுப்பு போச்சுன்னா பிள்ளைங்களுக்கு?" என்று அதையும் ஓரம் வைப்பார். நான் சொன்னது வேறு. நாம் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம், வாரம் இரண்டு புத்தகம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நான் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன், எந்தக் கேள்வியும் வராத புத்தகம் நமக்கு வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. போதகர்கூட ஆராதனையில் இரண்டு வார்த்தை பாராட்டிச் சொன்னார், நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அந்த நோட்டு இப்போது பாதி நிறைந்துவிட்டது. ஒரு புத்தகத்தில் ஆண்டவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இன்னொன்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்று நான்கு வரி, அது முடிந்து பக்கம் திருப்பினால் மறுபடியும் நான்கு வரி, ஐந்தாம் பக்கத்தில் ஒருத்தன் கையைத் தூக்கி "கதை எப்போ டீச்சர் ஆரம்பிக்கும்?" என்றான். பென்சிலைத் தொலைத்த பையன் முழங்காலில் நின்று ஜெபம் பண்ண, கண்ணைத் திறந்தால் பென்சில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கதை ஒன்று. அதைக் கேட்டுவிட்டு வந்த சில்வண்டு தன்னுடைய தொலைந்துபோன சிவப்புக் காருக்காக மூன்று நாள் ஜெபம் பண்ணினாள். கார் வரவில்லை. நாலாம் நாள் என்னிடம் வந்து, ரொம்ப அமைதியாக, "இயேசப்பாவுக்கும் கார் எங்கன்னு தெரியலம்மா, பாவம், அவரத் தொந்தரவு பண்ண வேணாம்" என்றாள். சிரித்துவிட்டேன், பிறகுதான் யோசித்தேன், இப்படி ஒவ்வொன்றாகத்தானே ஒரு பிள்ளை அவரைக் கேட்பதை நிறுத்தும் என்று. அந்தப் புத்தகத்தை நானே பெட்டியில் போட்டு மூடினேன். தொலைந்த ஆட்டுக்குட்டி கதைப் புத்தகம் மட்டும் மூன்று பேருக்கும் பிடித்தது, எழுத்து கம்மி, படம் பெரிது, கேள்வியும் வந்தது: "அது ஒண்ணத் தேடப் போயிட்டா மத்த ஆடெல்லாம் தனியா இருக்குமே, பயப்படாதா?" பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கும்போது அவர் அப்படித்தான்.

சிக்கல், ஒரு குடும்பமும் மிருகங்களும் மட்டும் பேழையில் ஏறித் தப்பிக்கிற அந்த வெள்ளக் கதையில் வந்தது. பெட்டியில் அதற்கு ஒரு புத்தகம்தான் இருந்தது, ஒட்டகச்சிவிங்கி தலையை வெளியே நீட்டிச் சிரிக்கிறது, யானை சிரிக்கிறது, தண்ணீர் நீச்சல் குளம் மாதிரி நீலமாக இருக்கிறது, வெளியே ஒரு மனுஷன் இல்லை. "எல்லாரும் சேர்ந்து டூர் போறாங்க போல" என்றார் பஸ் அண்ணன். அப்போதுதான் எனக்கு நம் வீட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. உன்னுடைய அந்தப் பெரிய படப் புத்தகம், அலமாரிக்கு மேலே போர்வைக்கு அடியில் இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, திறந்துகூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன், "என் பெரிய மகள் இதைக் கையைவிட்டு இறக்கினதே இல்லை, இதைப் படித்துத்தான் வளர்ந்தாள்" என்று பெருமையாக வேறு சொன்னேன். பெரிய டீச்சர் வழக்கம்போல அட்டையை வளைத்துப் பார்த்துவிட்டு பஸ் அண்ணன் கையில் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் அண்ணன் அதைத்தான் வாசித்தார். பதினேழு பிள்ளைகள், சில்வண்டு முன்வரிசையில், நான் ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக. மழை பெய்கிற பக்கம் வந்தது, பேழைக் கதவு மூடிய பக்கம் வந்தது, அடுத்த பக்கத்தைத் திருப்பினார், திருப்பியவர் வாசிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்தார், பிறகு பிள்ளைகள் பக்கம் பிடித்தார். உனக்குப் படம் ஞாபகம் இருக்கும். பேழை தூரத்தில் மிதக்கிறது, முன்னால் கறுப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் மனுஷர்கள் கையை உயர்த்திக்கொண்டு. அந்த ஒவ்வொருவருக்கும் அடியில் நீலப் பேனாவால் ஒரு படகு. வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்த சின்னச் சின்னப் படகு, துடுப்போடு. குழந்தையோடு இருந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் படகு கொஞ்சம் பெரிது, அதற்கு மேலே ஒரு குடையும் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து புத்தகத்தைச் சுற்றிக்கொண்டார்கள், ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினார்கள், தண்ணீரில் பதினோரு பேர், படகு பத்து. பதினோராவது ஆள் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற தாடிக்காரர், அவருக்கு அடியில் பாதிப் படகுதான், அந்தப் பாதியிலிருந்து ஒரு நீலக்கோடு கிழிபட்ட மாதிரி நீண்டு பக்கத்தைவிட்டே வெளியே ஓடியிருந்தது. "இந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் பாதி?" என்று கேட்டது சில்வண்டுதான். எழுத வேண்டியது என் வேலை, எழுத முடியவில்லை. பஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். "அக்கா வரஞ்சிட்டிருந்தப்ப நான் புத்தகத்தப் புடுங்கிட்டேன்" என்று பதினேழு பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன்.

மறந்தே போயிருந்தேன் என்றால் நம்புவாயா? அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவரைக்கும் மறந்துதான் போயிருந்தேன். பார்த்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உனக்கு ஆறு வயது, மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாய், அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் "அந்தப் பாப்பா என்னம்மா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டாய், நான் "அவங்கள்ளாம் சொல்பேச்சு கேக்காதவங்க, வேதக் கதையில கேள்வி கேக்கக் கூடாது" என்றேன். மறுநாள் நீ பேனாவோடு இருந்ததைப் பார்த்ததும், பரிசுத்தமான புத்தகத்தில் கிறுக்குகிறாளே என்று பிடுங்கினேன், மணிக்கட்டில் ஒன்று வைத்தேன், முழங்காலில் நிற்கவைத்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். நீ கேட்டாய். அழவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. என்ன வரைந்திருக்கிறாய் என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அந்த வயதில் எனக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது, பிள்ளையை விசுவாசத்தில் சரியாக வளர்க்கவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம், அதைவிட, நீ கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது என்ற பயம். உனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை, "எனக்கும் அப்படித்தான் இருக்குடி" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அன்றைக்கு அலமாரிக்கு மேலே போன புத்தகம் பதினைந்து வருஷம் கழித்து என் பெருமையைச் சொல்ல இறங்கி வந்தது. நீ அதைக் கையைவிட்டு இறக்கினதில்லைதான். இறக்கினது நான்.

போன தடவை நீ லீவில் வந்தபோது ஆராதனை முடிகிறவரை வெளியே வண்டி நிறுத்துகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தாய், கேட்டதற்கு "உள்ள வந்தா மூச்சு முட்டுதும்மா, விட்டுடு" என்றாய். நான் விட்டுவிட்டேன், விசாரித்தவர்களிடமெல்லாம் உனக்குத் தலைவலி என்று சொன்னேன், அந்தப் பொய்யையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மேசைக்கு அடியில் தொடங்கியதா அது, இல்லை எனக்குத் தெரியாத வேறு எதிலாவதா? ஒரு புத்தகத்தைப் பிடுங்கியதில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வதும் என் பக்கத்துப் பெருமைதானோ என்னவோ, எனக்கு எதையும் பெரிதாக்கத் தெரியும், அப்பா சொல்வார். உன் கடிதத்தில், நீ எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தக் கை உடைந்த சின்னப் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக் கத்தினவனிடம் "பயமா இருக்கா? இருக்கட்டும், மொதல்ல உன் பொம்மைக்கு எடுப்போம்" என்றாயாமே. அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? இதை இவள் யாரிடம் கற்றாள் என்று யோசித்தேன், என்னிடம் இல்லை என்பது மட்டும் உறுதி.

அன்றைக்கு வகுப்பு முடிந்து நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெரிய டீச்சர், "கதையில படகு கெடையாது. இல்லாதத இருக்குன்னு பிள்ளைங்க மனசுல பதிய வைக்கக் கூடாது" என்றார், அவர் சொன்னது தப்பு இல்லை. "படகு இருந்துச்சுன்னு சொல்ல வேணாம் டீச்சர், ஏன் இல்லன்னு ஒரு பிள்ளை கேட்டா எங்களுக்குத் தெரியலன்னு சொல்லுவோம்" என்றேன். "பிள்ளைங்க முன்னாடி டீச்சர் தெரியாதுன்னு சொல்றதா?" என்று அவர் நிமிர்ந்தார். பஸ் அண்ணன், "நான் தினமும் சொல்றேனே டீச்சர், அடுத்த பஸ் எப்ப வரும்னு கேக்குறவங்க கிட்ட" என்றார். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கியும் வேண்டாம், இந்தக் கறுப்புத் தண்ணீரையும் அவசரப்பட்டு வைக்க வேண்டாம், "வரஞ்சவ இருக்கால்ல, அவகிட்டயே கேளுங்க. ஆறு வயசுல அந்தப் படத்தப் பாத்தவ அவதான். காட்டலாமா வேணாமான்னு அவ சொல்லட்டும்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பெட்டி திரும்பிப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாமா? காட்டினால் அருகே உட்கார்ந்திருக்கிற நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியவில்லை, உன்னைக் கேட்கிறேன். நான் உன்னைச் சபைக்குக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. கூப்பிட ஆசை இல்லை என்று எழுதினால் அது இன்னொரு தலைவலிப் பொய்யாகிவிடும், ஆசை இருக்கிறது, ஆனால் அது வேறு, இது வேறு. அன்றைக்கு உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தேன், கேட்க வேண்டியது நான். மன்னித்துவிடு. இதற்குப் பதில் எழுத மனசில்லை என்றால் எழுதாதே, புத்தகத்தைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதினாலும் போதும்.

அந்தப் புத்தகத்தை இப்போது அலமாரிக்கு மேலே வைக்கவில்லை, முன்னறையில் சின்ன மேசைமேல் அந்தப் பக்கத்திலேயே திறந்துவைத்திருக்கிறேன். இரண்டாம் நாளே சில்வண்டு பேனாவோடு அதன் முன்னால் நின்றாள். எனக்குப் பழையபடி பிடுங்கத்தான் தோன்றியது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், வரைந்தால் வரையட்டும் என்று. ரொம்ப நேரம் பார்த்தாள், பேனாவை மூடினாள், "அக்காதான் போடணும், அவங்களுக்குத்தான் துடுப்பு எப்படின்னு தெரியும்" என்று போய்விட்டாள். அதிலிருந்து தினமும் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் அந்தத் தாடிக்காரரைப் பார்க்கிறாள். சிவப்புக் காருக்கு ஜெபம் பண்ணுவதை விட்டவள் அவருக்குப் பண்ணுகிறாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எக்ஸ்ரே எடுக்கும்போது அந்தக் கனமான ஈய அங்கியைப் போடாமல் நிற்காதே, அவசரத்தில் ஒரு நாள் போடவில்லை என்று போன மாதம் வாய் தவறிச் சொன்னாய், நான் மறக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பாவுக்கு முழங்கால் விஷயமாக ஒரு போன் பண்ணு, நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ நிற்கிற இடத்திலும் போகிற வழியிலும், உள்ளே வந்தாலும் வெளியே உட்கார்ந்திருந்தாலும், ஆண்டவர் கை உன் தலைமேல் இருக்கட்டும். அடுத்த லீவு எப்போது என்று எழுது.

உன் கேள்விக்குப் பதினைந்து வருஷம் தாமதமாக வந்து நிற்கிற,
அம்மா

உறையை ஒட்டுவதற்குள் சில்வண்டு ஓடிவந்து உனக்கு ஒரு செய்தி எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "தாத்தா இன்னும் மூழ்கலன்னு அக்காகிட்ட சொல்லு. ஆனா ரொம்ப நாளா தூக்கிட்டே இருக்காருல்ல, கை வலிக்கும்."